பெண்கல்விக்கு ஆதிகேசவன் ஆற்றிய தொண்டு

பெண்கல்விக்காகப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. நிலம் கொடுத்தவர்கள் உண்டு. வெறும் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுக் கல்வெட்டில் ஏறிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் பெண்கல்விக்காக ஆண்களையே கொடுக்க முன்வந்த வள்ளல் ஒருவர்தான். அவர் மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஆதிகேசவன். தேனாம்பேட்டையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் துணை மேலாளர். அவருடைய தொண்டைப் பற்றி இதுவரை எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை. அந்தக் களங்கத்தைத் துடைக்கவே இது எழுதப்படுகிறது.

தொண்டு தொடங்கியது, அவருடைய ஒரே மகள் மஹதி பிளஸ் டூ முடித்த கோடையில். பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று ஆதிகேசவன் ஒரு மாதம் ‘கள ஆய்வு’ செய்தார். மற்ற தகப்பனார்கள் காலேஜுக்குப் போனால் நூலகத்தைப் பார்ப்பார்கள், ஆய்வகத்தைப் பார்ப்பார்கள். ஆதிகேசவன் மதில் சுவரைப் பார்த்தார். அடையாறு சுகுணவதி மகளிர் கல்லூரியின் மதில், ஏறிக் குதிக்க வந்தவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, திருந்தி, வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிற உயரத்தில் இருந்தது. அதற்கு மேல் கண்ணாடிச் சில்லு. வாசலில் ஒரு காவலாளி. வளாகத்திலேயே ஆண் என்று அவர் ஒருவர்தான். அவருக்கும் இரண்டு கண்ணிலும் புரை. ஆதிகேசவன் மதிலைப் பார்த்துக் கும்பிட்டார்.

“காலேஜ்னா இதுதான் ஜலஜா, காலேஜ்” என்றார் மனைவியிடம்.

“உள்ள என்னென்ன பாடம் இருக்குன்னு கேட்டேளா?”

“பாடமெல்லாம் எங்க போனாலும் ஒண்ணுதான்.”

பாடத்தையும் அவரே தேர்ந்தெடுத்தார். மனையியல். வரன் தேடும் தளத்தில் பி.எஸ்ஸி. என்று போட்டுக்கொள்ளலாம், பார்க்கிற பிள்ளை வீட்டார் பயப்படவும் மாட்டார்கள். ஆதிகேசவனிடம் ஒரு கொள்கை இருந்தது: கெட்டுப்போகிற எந்தப் பெண்ணுக்குப் பின்னாலும் ஒரு பையன் இருப்பான், பையனைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ‘பெண்மை’. இதைப் பற்றி மஹதியின் அபிப்பிராயத்தையும் கேட்காமல் இல்லை. “உனக்குச் சந்தோஷம்தானே?” என்று கேட்டார். சந்தோஷம் என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

ஜூலையில் புது மாணவிகளுக்கு வரவேற்பு விழா. இறைவணக்கம் பாதியில் இருந்தபோது மைக் செட் ஒரு தரம் உறுமிவிட்டுப் படுத்துவிட்டது. ஆணும் பெண்ணும் கலந்து படிக்கிற கல்லூரியாக இருந்தால் அந்த நிமிஷமே பத்துப் பையன்கள் மேடைக்குப் பாய்ந்திருப்பார்கள். ஒருவன் ஒயரைப் பிடுங்குவான், இன்னொருவன் பிடுங்கியவனைத் திட்டுவான், மற்ற எட்டுப் பேரும் மேடையில் நின்றதாக இருக்கட்டுமே என்று நிற்பார்கள். சுகுணவதியில் எல்லாப் பெண்களும் வழக்கப்படி வாசலைப் பார்த்தார்கள். யாரும் பாய்ந்து வரவில்லை. காவலாளி மட்டும் சத்தம் நின்றுவிட்டதால் விழா முடிந்தது என்று நினைத்துக் கேட்டைத் திறந்துவைத்தார்.

மனையியல் வரிசையில் மஹதிக்குப் பக்கத்தில் ஆஷா. பட்டினப்பாக்கத்துப் பெண், அப்பா தேசப்பன் கடலுக்குப் போகிறவர்.

“இன்னாடி எல்லாரும் வாசலையே பாத்துக்கினு கீறாங்க? யார்னா வரப் போறாங்களா?” என்றாள் ஆஷா.

“யாரும் இல்லைன்னு நினைக்கிறேன்.”

“அப்ப நாமதான். எழுந்திரு.”

இருவரும் மேடை ஏறியபோது இயற்பியல் துறைத் தலைவர் அஸ்மத்துன்னிசா தன் கைப்பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, வெற்றிலை பாக்கு கொடுப்பதுபோல மஹதியிடம் கொடுத்தார். மஹதி அதுவரை ஸ்க்ரூடிரைவரைத் தூரத்திலிருந்துதான் தரிசித்திருக்கிறாள். அவள் வீட்டில் அது பீரோவில், அப்பாவின் பத்திரங்களோடு பூட்டப்பட்டிருக்கும். சுவிட்ச் கெட்டுப்போனால் ஆதிகேசவன் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, அதை அவர் கையில் கொடுத்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை செய்வார்.

ப்ளக்கைத் திறந்து பார்த்தாள். ஒரு ஒயர் கழன்று கிடந்தது. மாட்டினாள். மைக், “ஹலோ” என்றது. அத்தனை பெண்களும் போட்ட கூச்சலில் மதில்மேல் இருந்த காக்கைகள் பறந்தன. மஹதிக்காக யாரும் அதற்குமுன் அப்படிக் கூச்சல் போட்டதில்லை.

ஒரு மாதம் கழித்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: “அப்பா, நான் ஃபிசிக்ஸுக்கு மாறிக்கப் போறேன். முதல் செமஸ்டர் முடியறதுக்குள்ள மாறலாமாம். விட்டுப்போனதைச் சனிக்கிழமை லேப்ல சேர்த்துச் சொல்லித் தராளாம்.”

ஆதிகேசவனின் கையில் ரசஞ்சாதம் பாதி வழியில் நின்றது.

“ஃபிசிக்ஸா? எந்தப் பையன்டீ சொன்னான்?”

“அங்க பையனே கிடையாதேப்பா.”

“அதான் எனக்கும் புரியலை.”

“எனக்குப் பிடிச்சிருக்குப்பா.”

“பிடிச்சிருக்கா? யாரை?”

“கரண்ட்டை.”

ஜலஜா புரை ஏறியவள்போல இருமிக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

மறுநாள் ஆதிகேசவன் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அஸ்மத்துன்னிசாவின் அறையில் போய் உட்கார்ந்தார்.

“மேடம், இது மகளிர் கல்லூரிதானே?”

“ஆமா சார்.”

“அப்புறம் எப்படிப் பொண்ணுகள் ஃபிசிக்ஸுக்குப் போறா?”

“மகளிர் கல்லூரியா இருக்கறதாலதான் சார் போறாங்க. கலந்து படிக்கிற இடத்துல கருவியைப் பையன் தொடுவான், பொண்ணு பக்கத்துல நின்னு ரெக்கார்டு எழுதும். இங்க தொடறதுக்கு வேற ஆள் கிடையாது. வேற வழியில்லாம இவங்களே தொடறாங்க. ஒருதரம் தொட்டுட்டா விடமாட்டேங்கறாங்க. இந்த வருஷம் மனையியல்லேருந்து மட்டும் இருபது பேர் கேட்டிருக்காங்க.”

“இருபதா! தொத்து வியாதின்னா இது!”

“டீ சாப்பிடறீங்களா சார்?”

டீ சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். ஆனால் அது இறங்கவில்லை. அத்தனை உயரமான மதிலைக் கட்டி, அதன்மேல் கண்ணாடியும் பதித்து, பெண்களைப் பத்திரமாக உள்ளே வைத்து, அவர்கள் கையில் சால்டரிங் அயர்னைக் கொடுத்திருக்கிறார்கள். இதைவிட ஒரு பையன் கையைக் கொடுத்திருக்கலாம், ஜாதகமாவது பார்த்திருக்கலாம்.

ஞானம் பிறந்தது அலுவலகச் சாப்பாட்டு அறையில். பக்கத்து மேஜை நிரஞ்சன் டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் ஸ்நேஹாவும் அதே வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். பையன்களும் படிக்கிற காலேஜ். ஆசையாக ஃபிசிக்ஸ் எடுத்தவள்.

“பி.காம்.முக்கு மாறிட்டா சார்” என்றார் நிரஞ்சன். “லேப்ல நாலு பசங்களோட இவளையும் ஒரு டீமாப் போட்டாங்களாம். உன் கையெழுத்து அழகா இருக்கு, நீ ரெக்கார்டு எழுதுன்னுட்டானுங்களாம். எழுதிக்கிட்டே இருந்திருக்கா. இப்ப, ‘எனக்கு ஃபிசிக்ஸ் வராதுப்பா’ன்னு சொல்றா. பிளஸ் டூல நூத்துக்கு நூறு சார் அவ!”

ஆதிகேசவன் எழுந்து நின்றுவிட்டார். “என்ன சொன்னேள்? பசங்களோட இருந்தா, பி.காம்.முக்கு மாறிட்டாளா?”

“ஆமா சார்.”

“தானா? யாரும் அடிக்காம, திட்டாம?”

“ஆமா சார். ரொம்பக் கஷ்டமா இருக்கு.”

“கஷ்டமா! நிரஞ்சன், உங்களை நான் எப்படி மறப்பேன்!” என்று ஆதிகேசவன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிரஞ்சன் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார்.

இத்தனை காலமும் பையன்களைத் தப்பாக எடைபோட்டுவிட்டோமே என்று ஆதிகேசவன் அன்று மனம் நொந்தார். பெண்ணை அதட்ட வேண்டாம், அறையில் பூட்ட வேண்டாம். பக்கத்தில் நாலு பையன்களை நிறுத்தினால் போதும். கருவியிலிருந்து கை தானாக எடுபட்டுவிடும். பையன்களை வெளியே நிறுத்த மதில் கட்டியவன் மடையன். பையன்கள்தானே மதில்!

அடுத்த பெற்றோர் சங்கக் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரையைக் கேட்டவர்கள் இன்றும் மறக்கவில்லை. “இருபத்தோராம் நூற்றாண்டில் மதில் எதற்கு?” என்று கேட்டார். “பெண்ணும் ஆணும் தோளோடு தோள் நின்று படிக்க வேண்டாமா? எங்கே சமத்துவம்? கதவைத் திறவுங்கள்! ஆண்களை விடுங்கள்!” சேர்க்கையின்போது மதிலை அடிமுதல் நுனிவரை அளந்த அதே மனிதர்தானா என்று கல்லூரி எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

தாளாளர் சாய்சரணுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் கல்லூரியை நிறுவியவரின் பேரன். வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவர். எந்தப் புது வார்த்தை புழக்கத்துக்கு வந்தாலும் அந்த வாரத்திலேயே அதற்கு ஒரு குழு அமைத்துவிடுவார். “டைவர்சிட்டி! இதைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். ஒரு பேரன்ட்டே கேக்கறார் பாருங்க!” என்றார். ஆனால் பையன்களைச் சேர்க்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்க வேண்டும். அதற்கு ஒரு வருஷம் ஆகும். “அதுவரைக்கும் ஒரு பைலட் ப்ராஜெக்ட் பண்ணுவோம். ஆண்கள் வேணும். இருக்கறவங்க கை தூக்குங்க.”

கூட்டத்தில் இருந்த ஆண்கள் தங்கள் செருப்பை ஆராய ஆரம்பித்தார்கள். ஆதிகேசவன் கையைத் தூக்கினார். அதோடு விடாமல், அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு தகப்பனார்களின் கையையும் தூக்கிவிட்டார். இவ்வாறாகப் பெண்கல்விக்கு ஏழு ஆண்கள் வழங்கப்பட்டனர்.

‘தந்தையர் பங்கேற்பு முன்னோட்டத் திட்டம்’ ஏகமனதாக நிறைவேறியது. சனிக்கிழமைதோறும், துறை மாற விரும்பும் மாணவிகளின் ஆய்வகத்தில் தந்தையர் ‘உடனிருந்து ஊக்குவிப்பார்கள்’. அஸ்மத்துன்னிசா மட்டும் ஒன்று சொன்னார்: “நான் ஒரு ஓரமா உக்காந்து என்ன நடக்குதுன்னு பாத்துக்கறேன். வேற எதுவும் பேச மாட்டேன்.”

முதல் சனிக்கிழமை. மஹதி ஒயர்களை இணைத்துக்கொண்டிருந்தாள். ஆதிகேசவன் பின்னால் வந்து நின்றார்.

“கொடு இப்படி. உனக்குத் தெரியாது.”

“தெரியும்பா.”

“அதான் ஆபத்து. தெரிஞ்சாத்தான் கையைச் சுட்டுப்பே. கொடு.”

கொடுத்தாள். அவர் இணைத்தார். மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் விறுவிறுவென்று ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார் என்று அங்கே இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்தது. அப்பாவாயிற்றே என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அடுத்த மேஜையில் ‘போஸ்ட் ஆபீஸ் பாக்ஸ்’ என்று ஒரு பெட்டி இருந்தது. மின்தடையை அளக்கிற கருவி. ஆதிகேசவன் அதைத் தட்டிக் காட்டி, “அந்தக் காலத்துல கார்டெல்லாம் இதுலதான் போடுவா. எழுதிக்கோ” என்றார். மஹதி எழுதிக்கொண்டாள்.

அன்றைக்குக் கடலுக்குப் போகாததால் தேசப்பனும் வந்திருந்தார். மகள் ஆஷா வேலை செய்வதைக் கை கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தவர், இந்தப் பக்கம் திரும்பினார்.

“பொண்ணு கைல குடு நைனா. நீ ஏன் புடுங்கிக்கினு கீறே?”

“நான் சொல்லித் தரேன்.”

“இன்னாத்த சொல்லித் தர்றே? முள்ளு அப்பவேலேருந்து ஒரே பக்கமா முட்டிக்கினு கீது.”

“அது முள்ளோட கோளாறு.”

“அப்டியா?” என்ற தேசப்பன், “நம்மளுக்கு இங்க ஒரு வேலையும் இல்ல” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்க் காவலாளியோடு பீடி பிடிக்க உட்கார்ந்தார். அடுத்த வாரங்களிலும் அவருடைய பங்கேற்பு அவ்வளவுதான்.

மற்ற ஐந்து பேர் ஆதிகேசவனைப் பார்த்துத் தேறினார்கள். இரண்டாவது சனிக்கிழமை ஆய்வகத்தில் ஆண் குரல் மட்டுமே கேட்டது. கருவிகளெல்லாம் தகப்பனார்கள் கையில். பெண்கள் அவர்கள் சொன்னதை எழுதினார்கள், சொல்லாததற்குத் தலையாட்டினார்கள், நடுநடுவே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை தலையாட்டுவதுகூட நின்றுபோனது. ஆஷா இருந்த மேஜையில் மட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அஸ்மத்துன்னிசா சொன்னபடியே ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை.

அன்று ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது மஹதி பின்னாலிருந்து சொன்னாள்: “அப்பா, நான் மனையியல்லயே இருந்துடறேன்.”

ஆதிகேசவன் வண்டியை ஓரம் கட்டினார். “ஏண்டீ, பிடிச்சிருக்குன்னியே?” என்றார், ஒரு மரியாதைக்காக.

“எனக்கு வராதுன்னு தோணறதுப்பா.”

மாட வீதியில் அவளுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். தனக்கும் ஒன்று. அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். மஹதி பாதியை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜலஜா மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். “நான் கை வைக்கறதுக்குள்ள அப்பா கை வந்துடறதும்மா” என்றாள் மஹதி. “அப்புறம் அப்பா இல்லாதபோதுகூட, கை வைக்கலாமா வேண்டாமான்னு இருக்கு.” திங்கட்கிழமை ஜலஜா, கோவிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கல்லூரி இருக்கும் அடையாறுக்குப் பஸ் ஏறினாள்.

அந்த வாரக் கடைசியில் பெற்றோர் சங்கம் மறுபடி கூடியது. முன்னோட்டத்தின் வெற்றியைக் கொண்டாட சாய்சரண் ஒரு சால்வைக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆதிகேசவன் முதல் வரிசையில், சால்வை வழுக்காத கதர் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அறிக்கை வாசிக்க அஸ்மத்துன்னிசா எழுந்தார்.

“முன்னோட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி, ஃபிசிக்ஸ் வேணும்னு இருபது மாணவிகள் வந்தாங்க. மூணு சனிக்கிழமைக்கு அப்புறம், எனக்கு வராதுன்னு ஒன்பது பேர் மனையியலுக்கே திரும்பிப் போறேன்னு சொல்றாங்க.”

ஆதிகேசவன்தான் முதலில் கை தட்டினார்.

“இதுல எனக்கு ஒரு ஆச்சரியம். அதே ரூம். அதே பொண்ணுங்க. அதே மேஜை, அதே பேட்டரி. எதுவும் மாறலை. அப்ப முடிவு மட்டும் ஏன் மாறுச்சு? தேடிப் பாத்தேன். இந்த மூணு வாரத்துல லேபுக்குள்ள புதுசா ஒரு கருவி வந்திருக்கு. ரொம்பச் சக்தி வாய்ந்தது. அது மேஜை பக்கத்துல போய் நின்னாலே போதும், பொண்ணுங்க கை தானா மடியில போயிடுது.”

“அப்படியா!” என்று ஆதிகேசவன் ஆர்வம் தாங்காமல் எழுந்துவிட்டார். “என்ன கருவி மேடம் அது? ஃபாரின் சரக்கா?”

“இல்லை சார்” என்று அஸ்மத்துன்னிசா பணிவோடு கை கூப்பினார். “மயிலாப்பூர்.”

பின் வரிசையிலிருந்து ஆஷாவின் சிரிப்பு கிளம்பியது. அது பக்கத்தில் தொற்றி, அம்மாக்களின் வரிசைக்குத் தாவி, மண்டபம் முழுக்கப் பரவியது. மஹதி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சாய்சரண் சால்வையைப் பிரிப்பதா மடிப்பதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அஸ்மத்துன்னிசா சிரிக்கவில்லை. “கருவியில கோளாறுன்னா, எடுத்த அளவை ஏத்துக்கக் கூடாது. கருவியை அப்புறப்படுத்திட்டு மறுபடி அளவெடுக்கணும். அதனால, திரும்பிப் போறேன்னு சொன்ன ஒன்பது பேரையும் நான் இன்னும் அனுப்பலை. வர்ற சனிக்கிழமை லேப் உண்டு. மாணவிகள் மட்டும்.”

பையன்களைச் சேர்ப்பது என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். “பையன்களைப் பத்தி இந்த முன்னோட்டத்துல ஒண்ணும் தெரியலையே. அவங்க யாரும் வரவே இல்லையே” என்றார் அஸ்மத்துன்னிசா. அதை ஆராய சாய்சரண் அங்கேயே ஒரு குழு அமைத்தார். குழு இன்னும் கூடவில்லை.

அந்தச் சனிக்கிழமை காவலாளிக்கு ஒரு புது உத்தரவு போனது: பையன்கள் வந்தால் விசாரித்துத் திருப்பி அனுப்பவும், தகப்பனார்கள் வந்தால் விசாரிக்காமலே திருப்பி அனுப்பவும். உள்ளே மஹதி ஒயர்களை மாட்டினாள். முதல் தடவை முள் தப்பான பக்கம் போனது. சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கழற்றி, மாற்றி மாட்டினாள். முள் சரியான பக்கம் போய் நின்றது. ஒன்பது பேரில் இரண்டு பேர், நிஜமாகவே பிடித்திருக்கிறது என்று மனையியலுக்குப் போனார்கள், அதுவும் நல்லதுதான். மஹதியும் மற்றவர்களும் ஃபிசிக்ஸில் சேர்ந்துவிட்டார்கள்.

ஆதிகேசவன்? கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் தேசப்பனைப் பிடித்து, “மேடம் என்னைப் பத்தி என்னமோ சொன்னாளே, எப்படி எடுத்துக்கறது?” என்று கேட்டார்.

“பெர்சாத்தான் சொன்னாங்க நைனா. வுடு” என்றார் தேசப்பன்.

பெரிதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று ஆதிகேசவனும் எடுத்துக்கொண்டார். அவர் சோர்ந்துபோகிற மனிதர் அல்ல. அலுவலகத்தில், மகள் ஃபிசிக்ஸ் படிப்பதை எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது, அதில் தன் பங்கு கொஞ்ச நஞ்சமல்ல என்றும் சொன்னார். சால்வையைக்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் போர்த்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

“என்ன இருந்தாலும் ஜலஜா, அவ்வளவு பெரிய ஆராய்ச்சில நான் ஒரு சக்தி வாய்ந்த கருவின்னு சபைல சொன்னா பாரு! உனக்குத் தெரியுமோ அது?”

ஜலஜா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“தெரியாம என்ன? அவாளுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. நம்மாத்துல கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அது ஓடிண்டுதானே இருக்கு.”